ஜின்சிக்குப் போக வேண்டிய படம்

சாவுக்கு எதற்கு எல்இடி திரை என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். வருகிற வேலையை இப்படியா கெடுத்துக்கொள்வாய் என்று என் புருஷன் டிட்டோ பின்னாலிருந்து முதுகில் கிள்ளினான். என்ன செய்ய, பேர்தான் லவ்லி, வாய் அப்படியில்லை என்று ஊரே சொல்லும். குஞ்ஞுமோன் அச்சாயன் வெள்ளை ஜிப்பாவின் கையை மடித்துவிட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிஷப் திருமேனி வருகிறார், எம்எல்ஏ வருகிறார், சர்ச்சோ சின்னது, முற்றத்தில் மழைக்குக் குடை பிடித்து நிற்கிறவர்கள் எல்லாம் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டார். செத்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. பேர் ஜோபிஷ், நாற்பதுகூட ஆகவில்லை. சாயங்காலம் ஷட்டில் ஆடப் போனவன், ஒரு ஆட்டம் முடிந்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு கோர்ட்டிலேயே உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

எங்கள் அயிரூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது கடல் தாண்டி இருப்பார்கள். அதனால் கல்யாணத்துக்கு லைவ் இருக்கிறதோ இல்லையோ, சாவுக்குக் கட்டாயம் உண்டு. யார் போனாலும் முதல் ஃபோன் சவப்பெட்டிக் கடைக்கு, அடுத்தது எங்களுக்கு. கேமரா, கம்ப்யூட்டர், வயர் மூட்டை, ஒரு ஓம்னி வண்டி, இதுதான் எங்கள் தொழில். டிட்டோ கம்ப்யூட்டர் பார்ப்பான், நான் மற்ற எல்லாம். அழுகிற இடத்தில் அழாமல் நின்று படம் பிடிக்க எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

உண்மையில் எனக்கு முதலில் ஃபோன் செய்தது குஞ்ஞுமோன் அச்சாயன் இல்லை. ஜின்சி. ஜோபிஷின் மனைவி. இங்கிலாந்தில் நர்ஸ். மகள் எவ்லினுக்கு மூன்று வயதாக இருந்தபோது போனவள், இப்போது அந்தப் பிள்ளைக்கு ஆறு. விசா நீட்டிக்க பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த நேரத்தில் இப்படி ஆகிவிட்டது. எப்போது திரும்பக் கிடைக்கும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் எனக்கு அடித்திருக்க வேண்டும், மூக்கு அடைத்த குரலாக இருந்தது.

"லவ்லி சேச்சி, எனக்குத் திருமேனியும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். மூடறதுக்கு முன்னாடி அவர் மொகத்தை ஒரே ஒரு தடவை கிட்டத்துல காமிங்க. எல்லாரும் குடுக்கற மாதிரி நானும் ஒரு முத்தம் குடுத்துடறேன்."

எப்படிக் கொடுப்பாய் என்று நான் கேட்கவில்லை. என் அப்பா போனபோது குவைத்தில் இருந்த என் தங்கச்சி திரையில் வாயை வைத்துத்தான் கொடுத்தாள். எங்கள் ஊரில் இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பாஸ்போர்ட் வரும்வரை ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமா என்று ஜோபிஷின் அம்மா மெல்லக் கேட்டிருக்கிறாள். எத்தனை நாள் ஐஸில் போட்டு வைப்பது, திருமேனிக்கு வியாழக்கிழமைதான் ஒழிவு என்று குஞ்ஞுமோன் அச்சாயன் அதை வெட்டிவிட்டார். அவருக்குத் தம்பி மனைவியைக் கண்டால் ஆகாது. புருஷனை அடுப்பங்கரையில் விட்டுவிட்டுப் பணத்துக்குப் பின்னால் போனவள் என்று டீக்கடையில் வைத்துச் சொல்வார். அவர் இருக்கிற வீட்டுக்குக் கூரை மாற்றியது யார் பணத்தில் என்று எனக்குத் தெரியும். செத்த வீடு என்பதால் அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. எங்கள் கம்ப்யூட்டருக்குள் படவேலை பார்க்க இரண்டு பேர் உண்டு. ஒன்று, தனியாக வாங்கி மாட்டிய கிராபிக்ஸ் கார்டு. செங்கல் கனம், இரண்டு விசிறி, பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி அதற்கென்று தனி கரண்ட் வயர். இன்னொன்று, ப்ராசசரோடு கூடவே பிறந்த சின்ன கிராபிக்ஸ். கடைக்காரர்கள் ஆன்போர்டு என்பார்கள். கார்டு மாட்டிய பிறகு ஆன்போர்டை யாரும் மதிப்பதில்லை, சும்மா கிட என்று விட்டுவிடுவார்கள். டிட்டோ அதையும் வேலைக்கு வைத்தான். மூன்று கேமராவின் படத்தையும் கலந்து, பேர் எழுதி, முற்றத்துத் திரைக்குக் கொடுப்பது கார்டின் பாடு. அப்படித் தயாரான படத்தைச் சுருக்கி இன்டர்நெட்டில் கடல் தாண்டி அனுப்புவது ஆன்போர்டின் பாடு. ஒருத்தி சமைக்கிறாள், இன்னொருத்தி பரிமாறுகிறாள், அவ்வளவுதான். இரண்டையும் கார்டின் தலையிலேயே கட்டியிருந்த காலத்தில் பாதி சாவுகளில் படம் திக்கித் திக்கிப் போகும், அமெரிக்காவிலிருந்து மச்சான்மார் கூப்பிட்டுத் திட்டுவார்கள். வேலையைப் பிரித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. எல்இடி திரையின் வயரைக் கார்டில்தான் குத்த வேண்டும். கம்ப்யூட்டரின் முதுகில் ஆன்போர்டுக்கும் அதே மாதிரி ஓட்டை உண்டு. அதில் குத்தினால் திரையில் படம் வரத்தான் செய்யும். ஆனால் பரிமாறிக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து அடுப்படியில் நிறுத்தினால் இலையில் உட்கார்ந்தவன் என்ன ஆவான்? வெளிநாட்டுக்குப் போகிற படம் நின்றுவிடும்.

இதை டிட்டோ காலையில் குஞ்ஞுமோன் அச்சாயனுக்குச் சொன்னான். சொல்ல வேண்டி வந்தது, ஏனென்றால் அந்த மனுஷர் மஸ்கட்டில் பத்துப் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தியவர். சர்ச் வராந்தாவில் நாங்கள் மேஜை போட்ட உடனே வந்து கம்ப்யூட்டரின் முதுகை எட்டிப் பார்த்தார். இது என்ன பழைய கார்டு, சூடாகுமே என்றார். கார்டு தகராறு செய்தால் வயரைப் பிடுங்கி ஆன்போர்டில் குத்து, படம் தானாக வரும், மஸ்கட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். அது பொய்யும் இல்லை. ரிப்பேர் கடையில் முதலில் அதைத்தான் செய்து பார்ப்பார்கள், கார்டு போச்சா மானிட்டர் போச்சா என்று கண்டுபிடிக்க. டிட்டோ பொறுமையாக, இங்கே ஆன்போர்டு வேறு வேலையில் இருக்கிறது அச்சாயா, அதைத் தொடக் கூடாது என்று விளக்கினான். நீ நிக்கர் போடுவதற்கு முன்னாலேயே நான் மதர்போர்டு சால்டர் பண்ணியவன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். டிட்டோ அவரைவிட நாலு வயதுதான் இளையவன்.

சர்ச்சுக்கு வருவதற்கு முன்னால் ஜோபிஷின் வீட்டில் ஒரு மணி நேரம் லைவ் ஓட்டினோம். ஜோபிஷைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் எவ்லின் உட்கார்ந்திருந்தாள், வெள்ளை ஃபிராக், ரெட்டைப் பின்னல், யாரோ அவசரத்தில் கட்டிவிட்ட நீல ரிப்பன். நான் என் ஃபோனில் ஜின்சியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தேன். அப்பா ஐஸ் பெட்டியில் இருக்கிறார், கண்ணாடி மேல் முத்தம் கொடுத்தால் உதடு குளிருகிறது என்று அந்தப் பிள்ளை அம்மாவிடம் சொன்னது. சர்ச்சில் பெட்டியைத் திறப்பார்கள், அப்போது குளிராது என்று ஜின்சி சொன்னாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன், மழை பெய்கிறதா என்று பார்க்க. பெய்துகொண்டுதான் இருந்தது.

சர்ச்சில் ஆராதனை தொடங்கியதிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. திருமேனி பேச எழுந்தபோதுதான் திரை சேட்டையைத் தொடங்கியது. முதலில் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள். அப்புறம் திருமேனியின் தாடியே பச்சையாகிவிட்டது. முற்றத்தில் குடைக்குள் நின்ற சின்னப் பசங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாடகைக்கு எடுத்த திரை, நனைந்த வயர், எங்கே என்ன லூஸ் என்று யாருக்குத் தெரியும். டிட்டோ மழையில் ஓடிப்போய்த் திரைப்பக்கம் வயரை அழுத்திவிட்டு வந்தான், கொஞ்சம் சரியானது. அதற்குள் குஞ்ஞுமோன் அச்சாயன் வராந்தாவுக்கு வந்து நின்று, மாவட்டம் முழுக்க வந்திருக்கிற இடத்தில் மானத்தை வாங்குகிறீர்களே என்று பல்லைக் கடித்தார். ஆன்போர்டில் மாற்று என்றார். டிட்டோ முடியாது என்று தலையை ஆட்டினான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"திரையைப் பாக்கறவங்க நாலு எட்டு வெச்சா உள்ள வந்து நேராவே பாக்கலாம் அச்சாயா. ஜின்சிக்கு அது முடியாது."

"அவளுக்கு அவ்வளவு அக்கறை இருந்தா வந்திருப்பா" என்றார். சத்தம் போடாமல், மெல்லத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு ரொம்பச் சுட்டது.

பதில் சொல்ல வாயெடுத்தேன். உள்ளே திருமேனி ஆமென் சொன்னார், எல்லாரும் எழுந்தார்கள். அந்திம முத்தத்துக்கு நேரமாகிவிட்டது. அந்த நேரத்தில் ஜின்சி என் ஃபோனுக்கு அடித்தாள். கூட இருக்கிற பெண் ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்குகிறாள், அதனால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு குளியலறையில் கதவைச் சாத்தி உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். காதில் இயர்ஃபோன், பாட்டு நன்றாகக் கேட்கிறது, படமும் தெளிவு என்றாள். முதலில் அம்மச்சி, அச்சாயன் எல்லாரும் கொடுக்கட்டும், அப்புறம் எவ்லின், எல்லாருக்கும் கடைசியாக நான் என்று அவளே வரிசை சொன்னாள். நீ போய் உட்கார், நானே கேமராவோடு பக்கத்தில் நிற்கிறேன், உன்னை ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டார்கள் என்றேன். ஃபோனின் சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். லைவ் ஒழுங்காகப் போகிறதா என்று வழக்கமாக அந்த ஃபோனில்தான் பார்ப்போம். டிட்டோ மேஜையில் இருந்தான், அவனுக்கு முன்னால் கார்டு கலந்து தருகிற படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, அது கடல் தாண்டுகிறதா என்று அதில் தெரியாது.

ஜோபிஷின் அம்மா முத்தம் கொடுத்தாள். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. அடுத்து குஞ்ஞுமோன் அச்சாயன் குனிந்தார். குனிந்தவர் தம்பியின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். அந்த அழுகையில் துளி பொய் இல்லை, அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் பாவம். கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கவாட்டு வாசல் வழியாக வராந்தாவுக்குப் போனார்.

பிறகு எவ்லினை அவளுடைய அத்தை தூக்கி வந்து பெட்டிப் பக்கத்தில் ஸ்டூல்மேல் நிறுத்தினாள். பிள்ளை ஒரு முறை அப்பாவைப் பார்த்தது. அப்புறம் அப்படியே கவிழ்ந்து, அவன் கன்னத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. என் கேமராவில் அவளுடைய பின்னந்தலையும் இரண்டு நீல ரிப்பனும் மட்டும் தெரிந்தன. ஜோபிஷின் முகம் முழுக்க அவளுக்கு அடியில் இருந்தது. பின்னால் பெண்கள் விம்முகிற சத்தம் எழுந்தது. கொஞ்ச நேரம்தான். அத்தை தோளைத் தொட்டதும் எழுந்துகொண்டாள். இப்போது குளிரவில்லை என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

இனி ஜின்சியின் முறை. சர்ச் பாதிரியார் இடிக்குளா அச்சன் முகத்தை மூடுகிற வெள்ளைத் துணியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் நான் காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன். மூடிவிட்டால் பிறகு திறக்கிற வழக்கம் இல்லை, ஆகவே நீ தலையாட்டுகிறவரைக்கும் நான் மூட மாட்டேன் என்று அவரே சொல்லியிருந்தார். சொன்னபடி நின்றார். பாட்டுக்காரர்களைப் பார்த்து, அதே பாட்டை இன்னொரு முறை என்று விரலால் காட்டினார். ஜின்சிக்காக, ஜின்சிக்காக என்று பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரு முணுமுணுப்புப் போனது. அதுவரை நகர்ந்துகொண்டிருந்தவர்கள்கூட அசையாமல் நின்றார்கள். திருமேனி கோலை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். இருந்த கூட்டம் மொத்தமும், வராதவளுக்காக அல்ல, வர முடியாதவளுக்காகக் காத்து நின்றது. மனுஷர்கள் சில நேரம் எவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேமராவை அவன் முகத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோனேன். புதிதாகச் சவரம் செய்த தாடை. கத்தரித்துவிட்ட மீசை. மூக்கில் பஞ்சு. இடது புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு, அதை ஜின்சி எத்தனை முறை தொட்டிருப்பாள். மகள் படுத்திருந்த கன்னத்தில் ஈரம் இருந்தது, நான் துடைக்கவில்லை. பார்த்துக்கோ ஜின்சி, மெல்லப் பார்த்துக்கோ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். இப்போது குனிந்திருப்பாள், இப்போது கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் நின்று வ்யூஃபைண்டர் தெரியாமல் போனது. பாட்டு முடியப்போகிற நேரத்தில் அச்சனைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் துணியைப் போட்டார்.

கல்லறைத் தோட்டம் சர்ச்சுக்குப் பின்னால். சேறு வழுக்கியது. பாட்டுக்காரர்கள் உள்ளேயே நின்று மைக்கில் பாடிக்கொண்டிருந்தார்கள், அடக்கம் முடிகிறவரைக்கும் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். நான் கேமராவோடு கூடவே போனேன். பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு கை மண். எவ்லின் கையிலும் கொடுத்தார்கள். போட்டுவிட்டு உள்ளங்கையை ஃபிராக்கில் துடைத்தாள், அத்தை கண்டிக்கவில்லை.

திரும்பி வரும்போது முற்றத்துத் திரையைப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு பச்சைப் புள்ளி இல்லை. பரவாயில்லை, என் ஆள் சமாளித்துவிட்டான் என்று வராந்தாவில் ஏறினால், டிட்டோவின் முகம் செத்துப்போயிருந்தது. ஃபோனைக் கொடு என்றான். என்ன என்றேன். முதலில் ஃபோனைக் கொடு என்றான்.

பையில் தேடிக்கொண்டிருக்கும்போதே சொன்னான். எவ்லின் குனிந்த அந்த நேரத்தில்தான் திரை மொத்தமும் கறுத்துப்போனதாம். முற்றத்தில் சலசலப்பு. அழுதுகொண்டே வெளியே வந்த குஞ்ஞுமோன் அச்சாயன், கறுத்த திரையைப் பார்த்ததும் பேய் பிடித்தவர் மாதிரி மேஜைக்கு வந்து, டிட்டோவை நெஞ்சில் தள்ளிவிட்டு, கார்டிலிருந்த வயரைப் பிடுங்கி ஆன்போர்டில் குத்திவிட்டார். திரையில் படம் வந்தது. பார்த்தாயா என்றாராம். என் தம்பியை இத்தனை பேர் பார்க்கிறார்கள், இதை இனி எவனாவது தொட்டால் கையை ஒடிப்பேன் என்று, பெட்டி வெளியே போகிறவரை மேஜையை விட்டு அசையவில்லையாம். டிட்டோவின் முன்னால் இருந்த படம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தின் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவேளை தப்பித்துவிட்டோமோ என்று அவனும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் ஃபோனில் லைவைத் திறந்தேன்.

பாட்டு கேட்டது. உள்ளே பாடுகிற அதே பாட்டு, கொஞ்சம் பின்தங்கி; சத்தம் ஆன்போர்டு வழியாகப் போவதில்லை. படத்தில் எவ்லினின் பின்னந்தலை இருந்தது. இரண்டு நீல ரிப்பன். அடியில் எங்கேயோ அவளுடைய அப்பா. பிள்ளை அப்பாவின்மேல் படுத்திருந்தது, எழுந்திருக்கவில்லை. படம் அங்கேயே நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு நான் கையில் பிடித்த எதுவும் கடல் தாண்டவில்லை. அச்சன் துணியோடு நின்றது, கூட்டம் மூச்சுப் பிடித்து நின்றது, அந்தப் புருவத்துத் தழும்பு, ஒன்றும் போகவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டிட்டோ வயர்மேல் கையை வைத்தான். பிடுங்கிக் கார்டில் குத்தினால் லைவ் ஓட ஆரம்பித்துவிடும். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓடினால் அவள் பார்க்கப்போவது என்ன? காலி சர்ச்சு, தரையில் நசுங்கிய பூ, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக்கொண்டிருக்கிற சர்ச் வேலையாள் கப்பியார்.

கேமராவுக்குள் எல்லாம் பதிவாகியிருக்கிறது, அதை அனுப்பலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிட்டோ தடுமாறினான். அனுப்பலாம்தான். ஆனால் மூடிய முகத்துக்கு யாராவது முத்தம் கொடுப்பார்களா? இதை எப்படிச் சொல்லுவது, எந்த வாயால் சொல்லுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கையில் ஃபோன் அதிர்ந்தது. ஜின்சி. திட்டட்டும், சபிக்கட்டும், நானும் கூடச் சேர்ந்து அந்த மனுஷனைச் சபிக்கிறேன் என்று எடுத்தேன். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

அவள் கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"சேச்சி, மெதுவாப் பேசுங்க. அவளை யாரும் எழுப்ப வேண்டாம்னு அச்சன்கிட்ட சொல்லுங்க. இழுத்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு, அதான் அடிச்சேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் அப்பா மேல அப்படியே கெடக்கட்டும், பாவம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவ எழுந்தப்புறம் நான் குடுத்துக்கறேன்."

என் வாய்க்கு ஊரே பயப்படும். அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நாங்கள் இங்கே எல்லாரும் அவளுக்காகக் காத்து நின்றோம். அவள் அங்கே குளியலறைத் தரையில் உட்கார்ந்து தன் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மண் போட்டு மூடிய பிறகும் காத்துக்கொண்டிருக்கிறாள். ஜின்சி என்று ஒரு முறை கூப்பிட்டேன். அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழாதீங்க சேச்சி, படம் நல்லாத் தெரியுது, ரொம்ப உபகாரம் என்று எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள்.

அப்போதுதான் எவ்லின் வராந்தாவில் ஏறி வந்தாள். கையில் யாரோ கொடுத்த பன், பாதி தின்றது. காலையில் அம்மாவைக் காட்டிய ஃபோன் என்று அவளுக்கு ஞாபகம். அம்மாவா என்று கேட்டுக்கொண்டே என் முழங்காலில் சாய்ந்து ஃபோன் பக்கம் வாயைக் கொண்டுவந்தாள். நான் ஃபோனைத் தூக்கியிருக்கலாம். ஸ்பீக்கரை அணைத்திருக்கலாம். விரல் அசையவில்லை.

"அம்மா" என்றாள்.

அந்தப் பக்கம் பாட்டு கேட்டது, ஜின்சியின் இயர்ஃபோனிலிருந்து கசிந்து, ஃபோன் வழியாக எங்களுக்கே திரும்பி வந்த பாட்டு.

"எவ்லின்?" என்றாள் ஜின்சி. "மோளே, நீ எங்க இருக்க?"

"இங்கதான். லவ்லி ஆன்ட்டிகிட்ட. பன்னு திங்கறேன்."

"அப்பா?"

"அப்பாவை மூடியாச்சு. குழியில எறக்கி மண்ணு போட்டாங்க. நானும் ஒரு கை போட்டேன்." அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, பன்னை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். "அச்சன் துணியைக் கையில வெச்சுக்கிட்டு உனக்காக நின்னாரும்மா. எல்லாரும் நின்னாங்க. நீ முத்தம் குடுத்தியா?"

டிட்டோ திரும்பிக்கொண்டு மழையைப் பார்த்தான். நான் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் கீழே விழுந்திருக்கும். அவள் கத்தியிருந்தால், தலையில் அடித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"குடுத்தேன் மோளே" என்றாள் ஜின்சி. "நீ பன்னைத் தின்னு."